சிசெங்காவின் லாரி கிளம்பிய நாள்

ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் வண்டியைத் தொடக் கூடாது. ஓட்டியவனைக் கேட்க வேண்டும். கடைசியாக எப்போது ஓடியது, நிற்கும்போது இருமியதா, சட்டென்று நின்றதா, நடுவில் வேறு யாராவது கை வைத்தார்களா? பாதி வியாதியை அவன் வாயே சொல்லிவிடும். மீதிக்குத்தான் ஸ்பேனர்.

சிசெங்காவின் லாரிக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. அவனைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

நான் கசுபா. ம்பிக்காவுக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஓரத்தில், அப்போதே இருபத்தாறு வருடமாக டீசல் வண்டி பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை பட்டும் கிளம்பாமல் போன வண்டி ஒன்றுகூட இல்லை என்று அந்த நாட்களில் சொல்லிக்கொண்டு திரிவேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். உனக்குத் தலைக்கனம் என்பாள் என் மனைவி. சரக்கு இருக்கிற தலைக்குக் கொஞ்சம் கனம் இருக்கத்தான் செய்யும் என்று அவள் வாயை அடைப்பேன். இந்த விஷயத்தை மட்டும் அவளிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

அன்று வியாழக்கிழமை. காலையிலேயே ஒரு வாடகை சைக்கிளில் போனிஃபேஸ் வந்து இறங்கினான். செத்துப்போன சிசெங்காவுக்கு அண்ணன். கிட்வேயில் சுரங்கத்தில் மேஸ்திரி. துக்கத்துக்கு வந்தவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தான்.

"வாத்தியாரே, தம்பியோட வண்டி படுத்துருச்சு. நேத்து பூரா முயற்சி பண்ணியாச்சு. இருபது பேரு சேந்து தள்ளியும் பாத்தோம், ஒரு உறுமல்கூட இல்ல. சாயங்காலத்துக்குள்ள கிளப்பிக் குடுங்க. கிட்வேக்குக் கொண்டுபோகணும்."

"ஏம்ப்பா இவ்வளவு அவசரம்? சாவு வீடே இன்னும் கலையலையே."

"எங்கம்மா வயித்துல பொறந்தவன் சம்பாதிச்சது எங்கம்மா வயித்துக்குத்தானே வரணும்? அவ வேற குலம். நேத்து வந்தவ."

நேற்று வந்தவள் என்றது பதினான்கு வருடம் குடும்பம் நடத்தி மூன்று பெற்றவளை. எங்கள் பெம்பா வழக்கத்தில் ஆண்பிள்ளை தாயின் குலத்துக்குச் சொந்தம். அவன் போனால் அவன் பொருள் உடன்பிறந்தவர்களுக்கு. இப்போது சட்டம் வேறு மாதிரி சொல்கிறது, பெண்டாட்டி பிள்ளைகளுக்குத்தான் பெரும் பங்கு என்று. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டம் ம்பிக்காவில் இருக்கிறது, லாரி முற்றத்தில் நிற்கிறது. அதனால்தான் அந்தப் பெண்ணின் தம்பி கோர்ட்டில் ஒரு காகிதம் வாங்கிவர ம்பிக்காவுக்குப் போயிருந்தான். மறுநாள் காலை பஸ்ஸில் காகிதத்தோடு வருவான். வண்டி அதுவரை முற்றத்தில் நின்றால் அது அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு. அன்றே கிளம்பிவிட்டால் கிட்வேயில் யார் கைக்குப் போகுமோ. போனிஃபேஸுக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று சாலையில் சோளம் சுட்டு விற்கிறவளுக்குக்கூடத் தெரியும்.

எனக்கும் தெரியும். தெரிந்துதான் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்போது எனக்கு ஒரு கொள்கை இருந்தது. வண்டி யாருடையது என்று பார்ப்பது கோர்ட்டு வேலை, ஏன் கிளம்பவில்லை என்று பார்ப்பது என் வேலை. சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது.

சாவு வீட்டு முற்றத்தில் ஆண்கள் கட்டைகளில் உட்கார்ந்து கணப்பைச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வீட்டுக்குள் தரையில். சாமான்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். திறந்த கதவுக்கு நேரே, சுவரோரம், பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். சோலாவின் அம்மா. மூத்த பெண் சோலா பிறந்த நாளிலிருந்து ஊருக்கு அவள் பெயர் அதுதான். தலையோடு சேர்த்து இடுப்பில் சுற்றுகிற பழைய சித்தேங்கே துணி ஒன்றைப் போர்த்தியிருந்தாள். கைம்பெண்ணுக்குத் தீட்டுக் கழிய முழுக்காட்டும் நாள்வரை அவள் பேசக் கூடாது. அந்நிய ஆண் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. சோற்றைக்கூட இன்னொருத்தி உருட்டி வாயில் வைப்பாள். முழுக்காட்டும் நாளைக் குறிக்க வேண்டியவர்கள் புருஷன் வீட்டார். லாரி கையில் வரும்வரை போனிஃபேஸ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சிசெங்காவை எனக்குச் சாலையில் வைத்துத் தெரியும். கரி மூட்டையும் சோள மூட்டையும் ஏற்றிக்கொண்டு போவான். இடதுபக்க சீட்டில் அவள் இல்லாமல் அந்த லாரியை நான் பார்த்ததில்லை. ஓட்டுவது அவன், மூட்டை கட்டுவதும் கணக்காக அடுக்குவதும் அவள். என் பட்டறைப் பக்கம் அவன் வந்ததே இல்லை. தன் வண்டிக்குத் தானே வைத்தியம் பார்க்கிற ரகம். கம்பி, ரப்பர், சோப்புத் துண்டு, எதையாவது வைத்து ஓட்டிவிடுவான். அதில் எனக்கு அவன்மேல் கொஞ்சம் கடுப்புகூட உண்டு.

நான் முற்றத்தில் கால் வைத்ததும் ஒரு குரல் வந்தது.

"எழுந்திரிங்கப்பா, எழுந்திரிங்க! குரங்குதின்னி டாக்டர் வந்துட்டாரு!"

மசேக்கோ. அங்கோனி இனத்துக்காரன். அங்கோனிகளும் நாங்களும் பழைய சண்டைக்காரர்கள், இப்போது கேலி முறை. எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள்தான் குழி வெட்டுவார்கள், பெட்டி தூக்குவார்கள், அழுகிறவர்களைக் கேலி செய்து சிரிக்க வைப்பார்கள். செத்தவனையே திட்டுவார்கள். என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் அபராதமாகக் கோழி தர வேண்டும்.

"எலியைச் சுட்டுத் தின்ற வாயில நல்ல வார்த்தை எப்படிடா வரும்?" என்றேன்.

"நல்ல வார்த்தை வேணும்னா சர்ச்சுக்குப் போ மச்சான். இங்க எதுக்கு வந்த?" என்றவன் போனிஃபேஸ் பக்கம் திரும்பினான். "எரியிற வீட்டுல பிடுங்குனது லாபம்னு சும்மாவா சொன்னாங்க? குழி மண்ணு இன்னும் காயல, இவரு டயர்ல காத்து இருக்கான்னு தட்டிப் பாக்குறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். போனிஃபேஸும் சிரித்தான். சிரிக்காமல் இருக்க முடியாது, முறை அப்படி.

அடக்கத்தன்று சிசெங்காவின் பெட்டியை இதே லாரியில் ஏற்றிப் போனதாகவும் மசேக்கோதான் ஓட்டினான் என்றும் வழியிலேயே கேள்விப்பட்டிருந்தேன். ஆக, கேட்க ஓர் ஆள் இருந்தான்.

"கடைசியா நீதானே ஓட்டுன? எப்படி நின்னுச்சு?"

"எப்படி நிக்கும்? அழுதுகிட்டே நின்னுச்சு. 'மசேக்கோ, போதும்டா, இனிமே எனக்குத் தெம்பு இல்ல'ன்னு எங்கிட்ட சொல்லிச்சு."

"டேய், வெளையாடாம சொல்லு."

"வெளையாடாமதான் சொல்றேன் மச்சான். உன் மண்டைக்கு இது எட்டாது. தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. களியும் கருவாடும் போடச் சொல்றேன். தின்னுட்டு வீட்டுக்குப் போய்ப் படு."

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் 'தோத்துட்டேன்னு சொல்லு' என்றது மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

பானெட்டைத் தூக்கினேன். போனிஃபேஸைச் சாவி போடச் சொன்னேன். செல்ஃப் ஜோராகச் சுற்றியது. பேட்டரியில் குறை இல்லை. பின்னால் போய் சைலன்சர் வாயில் கையை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் சுற்றச் சொன்னேன். காற்று மட்டும் வந்தது. புகை ஓர் இழைகூட இல்லை. புகை வந்து கிளம்பாவிட்டால் ஒரு வியாதி, புகையே வராவிட்டால் வேறு வியாதி. டீசல் உள்ளே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் கலக்கவில்லை. ஃபில்டருக்கு அடியில் திருகைத் தளர்த்தி ஒரு கோப்பையில் பிடித்தேன். தண்ணீர் இல்லை, கசடு இல்லை. குழாயில் காற்று சிக்கியிருக்கிறதா என்று ஏர் எடுத்துப் பார்த்தேன். கைப்பம்பை அடிக்க அடிக்கக் குமிழி இல்லாமல் டீசல் கம்பி மாதிரி வந்தது. பம்ப் வாசல்வரை எல்லாம் சுத்தம்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. சோலாவின் அம்மாவுக்குத் தங்கை ஒருத்தி தண்ணீர்ச் செம்போடு வந்து, முட்டி போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். குடித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, வெயில் கொளுத்துது. நாளைக்கு வந்து பாக்கக் கூடாதா?"

"நாளைக்குன்னு சொன்னா கசுபாவால முடியலன்னு ஊரு பேசும்மா."

"பேசட்டுமே, அண்ணே."

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். நான் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்பிள்ளைகளுக்குத் தொழில் பேரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

டேஷ்போர்டில் எஞ்சினை நிறுத்துகிற குமிழ் இருந்தது. பழைய லாரிகளில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. அந்தக் குமிழை இழுத்தால், அது ஒரு கேபிள் வழியாகப் பம்பில் இருக்கிற சின்ன நெம்புகோலை இழுத்து டீசலை அடைக்கும். குமிழ் உள்ளே தள்ளித்தான் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. அவ்வளவு லேசாக வரக் கூடாது. அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். மசேக்கோ வெளியே என்னைப் பற்றி ஏதோ பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டிருந்தான், என் புத்தி அதில் இருந்தது.

கடைசியாக, பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய்களில் ஒன்றின் நட்டைத் தளர்த்திவிட்டுச் சுற்றச் சொன்னேன். அங்கே டீசல் துடித்துத் துடித்து வர வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. இரண்டாவதையும் தளர்த்தினேன். காய்ந்து கிடந்தது.

ஆண்கள் எல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒரு பெரியவர், "சிசெங்காதான் பிடிச்சு வச்சிருக்கான், வேற என்ன?" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

போனிஃபேஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். அவன் முகத்தில் முதல் தடவையாகக் களைப்பைப் பார்த்தேன்.

"பம்ப் போயிருச்சா வாத்தியாரே? போயிருச்சுன்னா சொல்லிருங்க. வேற பம்புக்கு எப்படியும் ஒரு வாரம் ஆகும். நாங்க மத்த சாமானை எடுத்துகிட்டு மூணு மணி பஸ்ஸப் பிடிச்சுருவோம்."

மசேக்கோ பானெட் பக்கம் வந்து என் காதோரம் குனிந்தான். "பம்புதான் மச்சான். உனக்கே தெரியுது. பம்ப் போச்சுன்னு சொல்லிட்டு எறங்கு." பிறகு ஊருக்குக் கேட்கிற மாதிரி, "பாவம், குரங்கு கறி மூளைக்கு ஏறல!" என்று கத்தினான்.

"நீ எனக்குப் பம்ப் சொல்லித் தர்றியாடா எலிதின்னி?"

அவன் கண்ணில் சிரிப்பு இல்லை. அதைப் பார்த்தேன். ஆனால் கேலி முறைக்காரன் சொல்வதைக் கேட்டு நடக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவன் ஒன்று சொன்னால் நாம் ஒன்று சொல்ல வேண்டும். அப்படியே பழகிவிட்டது. அந்த முற்றத்தில் எதையும் சொல்லலாம் என்கிற உரிமை அவனுக்கு மட்டும்தான் இருந்தது, அதனாலேயே அவன் சொன்ன ஒரே உண்மையான பேச்சை நான் கேலியாக எடுத்துக்கொண்டேன்.

நட்டுகளை இறுக்கினேன். பம்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்த நெம்பு இருக்கும். கையை விட்டுத் தடவினேன். நெம்பு அடைக்கிற பக்கத்தில் நின்றது. கேபிள் நுனி அறுந்து துரு ஏறித் தனியே தொங்கியது. அப்படியானால் நெம்பை எது பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது? விரலை இன்னும் உள்ளே விட்டேன். ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் வார். வில் நாண் மாதிரி விறைப்பாக இருந்தது. அது தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக டிரைவர் அறைக்குள் போனது.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி, மிதியடியைத் தூக்கினேன். வார் அங்கே வந்து, சீட்டின் இரும்புக் காலில் இறுக்கிக் கட்டியிருந்தது. நுனியில் பிடித்து இழுக்க ஒரு மரத்துண்டு. பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. கேபிள் அறுந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். சிசெங்கா புதுக் கேபிள் போடவில்லை, ரப்பர் வாரைக் கட்டி அவள் பக்கம் விட்டிருந்தான். ஊர் வந்து சேர்ந்ததும் அவள் இழுப்பாள், வண்டி நின்றதும் வாரை விட்டுவிடுவாள். ஓட்டுவது அவன், நிறுத்துவது அவள். அடக்கத்தன்று மசேக்கோவும் இதை இழுத்துத்தான் நிறுத்தியிருப்பான். அவனுக்குத் தெரியும். கிட்வேயிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது.

முடிச்சைப் பார்த்தேன். டிரைவர்கள் போடுகிற முடிச்சு இல்லை. இரண்டு சுற்று, ஒரு உள்வாங்கல், நுனியை அடியில் சொருகிவிடுவது. கரி மூட்டையின் வாயில் புல்லை வைத்துக் கட்டும்போது எங்கள் பெண்கள் போடுகிற முடிச்சு. எத்தனை பள்ளத்தில் தூக்கிப் போட்டாலும் அவிழாது.

இவ்வளவு காலமாக யார் கேட்டாலும், வாரை அவிழ்க்கும்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை, வண்டி கிளம்பின பிறகுதான் புரிந்தது என்று சொல்லி வந்திருக்கிறேன். பொய். முடிச்சைப் பார்த்த நொடியிலேயே புரிந்துவிட்டது, இரவோடு இரவாக அவள் வந்து கட்டியது என்று. நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு நேரே வீட்டு வாசல். வாசலுக்கு நேரே அவள். தலைத் துணியை ஒரு கையால் விலக்கிவிட்டு, பார்க்கக் கூடாத அவள் என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. திறக்க அவளுக்கு வழி இல்லை. அவளிடம் மீதி இருந்தது கண் மட்டும்தான்.

இறங்கி, "பம்ப் போயிருச்சு" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊர் நாலு நாள் சிரிக்கும். ஐந்தாம் நாள் மறந்துவிடும்.

வெளியே யாரோ கேட்டார்கள்: "என்னப்பா, கசுபா உள்ள படுத்துத் தூங்கிட்டாரா?"

"தூங்கல, பேய்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு!" என்றான் இன்னொருத்தன்.

பெரிய சிரிப்பு எழுந்தது. எனக்கு முகம் சுட்டது. என் கை முடிச்சுக்குப் போனது. நகத்தால் நுனியை வெளியே இழுத்து, உள்வாங்கலைத் தளர்த்தி, இரண்டு சுற்றையும் பிரித்தேன். வார் கையில் தளர்ந்தது. எஞ்சின் பக்கம் நெம்பு 'டிக்' என்று தன் இடத்துக்குத் திரும்பிய சத்தம் கேட்டது.

"சாவி!" என்று கத்தினேன்.

போனிஃபேஸ் ஜன்னல் வழியாகச் சாவியைக் கொடுத்தான். நான் வலதுபக்க சீட்டுக்கு நகர்ந்து சாவியைத் திருகினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஒரு இருமல், வெள்ளைப் புகை, பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. முற்றம் அதிர்ந்தது. ஆண்கள் ஓவென்று கூவினார்கள். அந்த ஒரு நொடி நான் சந்தோஷப்பட்டேன். இதையும் மறைக்க மாட்டேன். இருபத்தாறு வருடச் சந்தோஷம் அது, அதற்கு நல்லது கெட்டது தெரியாது.

வீட்டுக்குள் பெண்களின் அழுகை சட்டென்று நின்றது. உள்ளேயிருந்து சிசெங்காவின் கடைக்குட்டி, மூன்று வயதுப் பெண், யாரும் பிடிப்பதற்குள் வெளியே ஓடி வந்தது.

"அப்பா! அப்பா வந்தாச்சு! அம்மா, அப்பா வந்தாச்சு!"

கை தட்டிக்கொண்டே லாரியின் வலதுபக்கக் கதவுக்கு வந்து நின்றது. கதவைத் திறந்தேன். அண்ணாந்து பார்த்தது. என்னைப் பார்த்ததும் தட்டின கை அப்படியே நின்றது. அழவில்லை. அப்பா எனக்குப் பின்னால் இருக்கிறாரா என்று ஓரமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தது.

ரப்பர் வாரின் மரத்துண்டு அப்போதும் எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் எஞ்சின் அடங்கியிருக்கும். திரும்ப நின்றுவிட்டது, பம்ப்தான் கோளாறு என்று அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். நான் இழுக்கவில்லை. இறங்கிக் குழந்தையைத் தாண்டிக்கொண்டு நடந்தேன்.

"பாத்தீங்களா, தம்பியே விட்டுக் குடுத்துட்டான்!" என்றான் போனிஃபேஸ் எல்லோரிடமும். கட்டில், மெத்தை, தையல் மெஷின், இரண்டு கதவுப் பலகைகள், எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஒருத்தன் வீட்டுக்குள் போய் அவள் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டு வந்தான். சோலாவின் அம்மா மறுபடியும் துணியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

மசேக்கோ ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"கையக் கழுவிட்டுப் போங்க, கசுபா."

நாங்கள் முறைக்காரர்கள் ஆன நாளிலிருந்து அவன் என்னை மச்சான் என்று கூப்பிடாத ஒரே தடவை அது. 'போங்க' என்று மரியாதையாகச் சொன்னதும் அப்போதுதான். ஏதாவது திட்டிப் பதில் சொல்வான் என்று நினைத்து, "டேய் எலிதின்னி" என்றேன். அவன் திரும்பிப் போய்விட்டான்.

லாரி நாலு மணிக்குச் சாலை ஏறியது. மறுநாள் காலை பஸ்ஸில் அவள் தம்பி காகிதத்தோடு வந்தான். லாரியை யாரும் நகர்த்தக் கூடாது என்று முத்திரை குத்திய காகிதம். அது நின்றிருந்த இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. பிறகு அவன் கிட்வேக்கு நாலு நடை நடந்தான். லாரியை விற்றாகிவிட்டது, வாங்கியவன் எல்லை தாண்டிப் போய்விட்டான் என்றார்கள். சோலா பள்ளிக்கூடத்தை விட்டு ம்பிக்காவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனாள்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் சாலையின் மறு ஓரத்தில்தான் போவேன். ஒன்றரை வருடம் அப்படித் தப்பித்தேன். மழைக்காலத்தில் ஒருநாள் நின்றுபோன பஸ்ஸைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். போனால், பஸ்ஸை அடுத்து வரிசையாகக் காளான் விற்கிற பெண்கள். முதல் கூடைக்காரி அவள். தலையில் துணி இல்லை, முழுக்காட்டி வெகு நாளாகியிருந்தது. பக்கத்தில் அந்தக் கடைக்குட்டி, வளர்ந்திருந்தது.

"கும்பிடுறேன், கசுபா அண்ணே" என்றாள். முட்டி மடக்கி, கை தட்டி, முறைப்படி.

அவள் குரலை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சோலாம்மா, அன்னைக்கு..." என்று தொடங்கினேன்.

"மெக்கானிக் கூப்பிடப் போறாங்கன்னதும் எனக்கு உசுரே இல்லண்ணே" என்றாள், காளானைப் பெரிசு சின்னதாகப் பிரித்துக்கொண்டே. "யாராவது அரைகுறை வந்து, என்னன்னே தெரியாம ரப்பரை அறுத்து விட்டுருவானோன்னு பயந்துகிட்டே இருந்தேன். அப்புறம் நீங்க வர்றதா மசேக்கோ வந்து சொன்னாரு. அன்னைக்குத்தான், எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் மொத மொதல்ல, நான் நாலு வாய் சாப்பிட்டேன். கசுபா அண்ணன் கெட்டிக்காரரு, முடிச்சைப் பாத்தாலே புரிஞ்சுக்குவாருன்னு."

பஸ்ஸிலிருந்து யாரோ கூடையைக் காட்டி விலை கேட்டார்கள். அவள் எழுந்து அவர்களிடம் போனாள்.